துருக்கி ராஜா தோற்க அனுமதி கோரி

சங்குமுனை ஞானையா பர்னாந்து 1976 ஏப்ரல் 19ஆம் தேதி திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குத் துருக்கி ராஜா ஆனார். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய காரியம். 1977 பிப்ரவரி வந்த பிறகும் அவர் துருக்கி ராஜாவாகவே இருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் சார்பில் பதினேழு மனுக்கள் போயின. பதினேழையும் தூத்துக்குடி தபாலாபீசுக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவன் நான். நகல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆகையால் இதில் தேதிப் பிழை இருக்காது. மற்றப் பிழைகளுக்கு நான் பொறுப்பில்லை.

விவரம் வருமாறு.

சங்குமுனை, கீழவைப்பாருக்கும் வேம்பாருக்கும் இடையில் உள்ள கடற்கரை ஊர். ஈஸ்டர் கழிந்த திங்கள், செவ்வாய், புதன் மூன்று இரவும் அங்கே கோயில் மைதானத்தில் கூத்து நடக்கும். முதல் இரவு துருக்கி ராஜா கப்பல் படையோடு வந்து கிறிஸ்தவ இளவரசியைச் சிறை பிடிப்பார். இரண்டாம் இரவு போர், அதில் ஜெயிப்பார். மூன்றாம் இரவு தோற்று, வானத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு, மனம் மாறி, ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வார்.

இந்த ராஜா உள்ளூர்ச் சரக்கு அல்ல. ஐரோப்பாவில் நாடகம் எழுதியவர்களுக்குப் பல காலம் துருக்கியர் இல்லாமல் கை ஓடியதில்லை. கூட்டம் பயப்பட வேண்டுமா, துருக்கியரைக் கொண்டு வா. சிரிக்க வேண்டுமா, அவரையே தலைப்பாகையைப் பெரிதாக்கிக் கொண்டு வா. கோபம், குத்துவாள், எண்ணிக்கை தெரியாத மனைவிமார், கடைசிக் காட்சியில் தோல்வி. எழுதியவர்களில் அநேகம் பேர் ஒரு துருக்கியரையும் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எழுதுவது சிரமமாகியிருக்கும். அங்கிருந்து கப்பலேறி வந்த பாதிரிமார், கோயில் மணியோடும் மெழுகுதிரியோடும் இவரையும் முத்துக்குளித்துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே சுறா இருந்தது, முத்தில் பங்கு கேட்டு வருகிற அதிகாரி இருந்தார். அவர்களோடு பார்க்கும்போது மூன்றே இரவில் தோற்றுப்போகிற பகைவர் என்பதால் ஜனங்கள் துருக்கி ராஜாவை மனதார ஏற்றுக்கொண்டார்கள்.

ஞானையா சங்கு குளிக்கிறவர். ராஜாவின் வசனம் பன்னிரண்டு வரி, ஒரே மூச்சில் அதட்டிச் சொல்ல வேண்டும். அந்த மூச்சு ஊரில் அவர் குடும்பத்துக்குத்தான் இருந்தது. அவர் அப்பா துருக்கி ராஜா. தாத்தாவும் துருக்கி ராஜா.

ஒரு வழமை உண்டு. முடி சூடும் மாலையில் அவர் பீடத்துக்கு முன்னால் நின்று, கழுத்தில் கிடக்கும் மாதா படத் துணியான உத்தரியத்தைக் கழற்றிக் கூத்துக் கமிட்டிச் செயலாளர் கையில் கொடுத்து, வாக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரம் முதல் அவர் கிறிஸ்தவர் அல்ல. கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. நற்கருணை வாங்கக் கூடாது. சிலுவை அடையாளம் போடக் கூடாது, சோற்றுக்கு முன்னால்கூட. மூன்றாம் இரவு மேடையில் தலைமேல் தண்ணீர் விழுந்ததும் உத்தரியம் திரும்பக் கிடைக்கும். விடியற்காலைப் பூசையில் முதல் ஆளாக நற்கருணை வாங்குவார். மூன்றாம் இரவு நடக்காமல் போனால் என்ன செய்வது என்று வழமையில் சொல்லப்படவில்லை. நடக்காமல் போனதே இல்லை. ஒரு வருஷம் புயலில் பந்தல் பறந்தபோதுகூட வலைக் கொட்டகைக்குள் ஆறு பேர் பார்க்கத் தண்ணீரை ஊற்றி முடித்தார்கள்.

1976இல் மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு, தூத்துக்குடி நாடகக் கண்காணிப்புப் பிரிவின் எழுத்தர் செந்தூர்பாண்டி இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார். நெருக்கடி நிலை வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஞானையா அப்போது மீசை வரைந்துகொண்டிருந்தார்.

"யாருவே இங்கன ராஜா?"

ஞானையா எழுந்து நின்றார்.

"உக்காரும். கூத்த நிறுத்துங்க. அனுமதி இல்ல."

"நூறு வருசமா நடக்கு, அய்யா."

"நூறு வருசமா அனுமதியில்லாம நடக்குன்னு எழுதிக்கிடட்டுமா?"

கமிட்டிச் செயலாளர் லசார் மோத்தா முன்னால் வந்தார். "ஒரு கால்மணி நேரம் குடுங்க சார். ராஜா தோத்து, தண்ணி ஊத்துத இடம் மட்டும் முடிச்சிருதோம்."

செந்தூர்பாண்டி பேனாவைத் திறந்தார். "ராஜா தோக்காரா? இந்த வருசமா? ஒரு ராஜா தோக்கதப் பாக்கதுக்கா இம்புட்டுப் பேரு பாய் விரிச்சிருக்கிய?"

மைதானத்தில் பாய்கள் சுருட்டப்பட்டன. இரண்டாம் இரவு ஜெயித்த நிலையிலேயே ராஜா நின்றுபோனார்.

மறுநாள் காலை பங்குச் சாமியார் ஞானையாவைத் தேடி வந்தார். ஊருக்குப் புதியவர். "நீ கிறிஸ்தவன்தான். பூசைக்கு வா" என்றார்.

"அது உங்க சட்டம் சாமி. இது ஊர் வழமை" என்றார் லசார் மோத்தா. "முந்தியிருந்த சாமியாரும் வழமையில கைய வச்சாரு. இப்பம் மலைமேல ஒரு பங்குல குளுருல இருக்காரு."

சாமியார் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் அவர் தயங்கியிருக்க வேண்டியதில்லை. ஞானையாவே வரமாட்டேன் என்றுவிட்டார். "பீடத்துக்கு முன்ன நின்னு குடுத்த வாக்கு. தண்ணி விழாம எப்படி உள்ள வர?"

இருபத்தாறாம் தேதி என்னிடம் வந்தார்.

"ஒரு மனு எழுதணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"நான் தோக்கணும்."

அவசரம் என்னவென்றால், மகள் பிலோமியைப் பெரியதாழையில் பேசி முடித்திருந்தார். கல்யாணம் வைக்கக் கூடாத தவசு காலம் பிறக்குமுன் பிப்ரவரியில் கல்யாணம். பெண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போய்ப் பீடத்தில் விட வேண்டியவர் தகப்பனார். ஒரே மகள். அவள் ஞானஸ்நானத்தன்று இவர் இலங்கைப் பக்கம் சங்கு குளிக்கப் போயிருந்தார். அவள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மையன்று காய்ச்சலில் கிடந்தார். "இதுக்காவது நான் உள்ள நிக்கணும்" என்றார். அதை மனுவில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

மனுவோடு நாடகக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போனோம்; கண்காணிப்பாளர் சங்கரலிங்கம் எங்களை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"கலைக்கு நாங்க விரோதின்னு வெளிய ஒரு பேச்சு இருக்கு. தப்பு. எங்கள மாதிரி கலையப் பாதுகாக்க ஆள் கிடையாது. அந்த அலமாரியப் பாருங்க. எழுபத்திமூணு நாடகம் உள்ள பத்திரமா இருக்கு. ஒண்ணாவது வெளிய போயிக் கெட்டுச்சா?"

கெடவில்லை என்று ஒப்புக்கொண்டோம்.

"ராஜா தோக்கலாம். அதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஜனங்க முன்னாடி தோக்கதுதான் யோசிக்க வேண்டியிருக்கு. ஏன் தோத்தாரு, எப்படித் தோத்தாருன்னு வீட்டுக்குப் போயிப் பேசுவாங்க. பேச்சுதான நோய்."

"சார், அவரு துருக்கி ராஜா" என்றேன்.

"அது இன்னும் சிக்கல். நட்பு நாடா இல்லையான்னு பாக்கணும். ஒரு துருக்கியர்ட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கி வாங்க."

பக்கத்தில் துருக்கியர் யாரும் இல்லை என்று சொன்னதற்கு, அலுவலகமே முயற்சி எடுத்தது. கோப்பு காயல்பட்டினத்துக்குப் போயிற்று. அங்கே பட்டுக் கடை வைத்திருந்த மகுதூம் காக்கா அதைப் படித்துவிட்டுச் செந்தூர்பாண்டியிடம் கேட்டார்:

"நாங்க காயல்காரங்க தம்பி. எங்களுக்கும் துருக்கிக்கும் என்ன? ஆனா ராஜாவுக்குத் தலப்பாத் துணி வருசா வருசம் நம்ம கடையிலருந்துதான் போவுது. தோத்தப் பொறவு துணியத் துவச்சி மடிச்சித் திருப்பித் தருவாங்க. இந்த வருசம் ராஜா தோக்கவும் இல்ல, துணி வரவும் இல்ல. அத என்னன்னு கேளுங்க."

'காயல்பட்டினத்தில் ராஜா தோற்க வேண்டும் என்ற கருத்து நிலவுகிறது' என்று செந்தூர்பாண்டி கோப்பில் குறித்தார். அந்தக் குறிப்பால் கோப்பு இரகசியப் பிரிவுக்குப் போய் இரண்டு மாதம் திரும்பவில்லை.

ஆகஸ்டில் கமிட்டி தன் பங்குக்கு ஒரு சான்று அனுப்பியது. வழமையை விளக்கினால் அலுவலகம் இரங்கும் என்பது லசார் மோத்தாவின் எண்ணம். 'மேற்படி ஞானையா பர்னாந்து ஏப்ரல் 19 முதல் துருக்கி ராஜாவாக இருந்து வருகிறார் என்றும், தற்சமயம் சங்குமுனை கீழத்தெருவில் வசிக்கிறார் என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறோம்.' கையெழுத்து, முத்திரை.

பதினோராம் நாள் வெளிநாட்டினர் பதிவுப் பிரிவிலிருந்து படிவம் வந்தது. நூற்றெண்பது நாளுக்கு மேல் தங்கவிருக்கும் அன்னியர் பதிவு செய்ய வேண்டும். அந்த வாரம் நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். படிவத்தைப் பூர்த்தி செய்தது லசார் மோத்தா. அவர் நேர்மையானவர். ராஜா சம்பந்தப்பட்ட கேள்விகள் என்பதால் கூத்து ஏட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறார்.

இந்தியாவுக்கு வந்த வழி: கடல். உடன் வந்தவர்கள்: நாற்பது கப்பல் படை. வந்த நோக்கம்: இளவரசியைச் சிறைபிடித்தல். நோக்கம் நிறைவேறியதா: ஆம். திரும்பிச் செல்லும் உத்தேசத் தேதி: தோற்றதும்.

நாற்பது கப்பல்களும் எந்தத் துறையில், யார் அனுமதியோடு நிற்கின்றன என்று துறைமுகத்துக்கு ஓலை பறந்தது. துறைமுகத்தில் எண்ணிப் பார்த்து நான்குதான் இருக்கின்றன என்று எழுதினார்கள். மீதி முப்பத்தாறையும் ஆஜர்படுத்தும்படி ஞானையாவுக்கு அறிவிப்பு வந்தது. அவரிடம் இருந்தது ஒரு வள்ளம். அதிலும் மைத்துனருக்குப் பாதி.

நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் சங்குமுனைக்குப் போனேன். ஞானையா சுவரோரம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கை நெற்றிக்குப் போவதும் இறங்குவதுமாக இருந்தது. பழக்கம். பிலோமி தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. ஒரு செம்புத் தண்ணி. நானே ஊத்திருதேன். கோயிலுக்கு வரட்டும்."

"நீ ஊத்துனா அது குளிக்க தண்ணிளா" என்றார் ஞானையா.

"அப்பம் எனக்கு அப்பா துருக்கியா?"

"மாப்ள வீட்டுல ஒண்ணும் கேக்கலல்ல?"

கேட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறே பெரியதாழைச் சம்பந்தி பஸ் ஏறி வந்தார். வாசலில் நின்றபடி ஞானையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்ம பத்தி ஒரு பேச்சு வருது, சம்பந்தி. கல்யாண ஓலையில தகப்பன் பேரு என்னன்னு போட? துருக்கி ராஜா மகள்னு எங்க கோயில்ல வாசிச்சா, சனம் சீதனமா கப்பல் வருதான்னு கேக்கும்."

"பேரு ஞானையாதான், சம்பந்தி. பதவிதான் மாறிப்போச்சி."

"எப்பம் எறங்குவீரு?"

"மனு போயிருக்கு."

சம்பந்தி நல்ல மனுஷர். சிரிக்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

நவம்பரில் ஒரு வழி பிறந்ததுபோல் இருந்தது. புதுத் துறைமுகத்துக்கு நிஜமாகவே ஒரு துருக்கிச் சரக்குக் கப்பல் வந்தது. கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் வேலை பார்த்த எபனேசர் எனக்குத் தெரிந்தவர்; நாலு ஊர் மாலுமிகளோடு பேசப் பழகியவர். அவர் மூலம் கப்பல் சமையற்காரர் ஒருவரைக் கரைக்கு வரவழைத்தோம். அலுவலகத்தின் சார்பில் சங்கரலிங்கமே வந்தார். அடையாளம் காட்டுவதற்காக ஞானையா முழு வேடத்தில் வரவேண்டும் என்று உத்தரவு. சிவப்பு வெல்வெட் கோட்டு, அட்டைக் கிரீடத்தில் பிறை, கரி மீசை, காயல்பட்டினத்துப் பட்டுத் தலைப்பாகை. பகல் பன்னிரண்டு மணி வெயில்.

சமையற்காரர் கட்டம்போட்ட சட்டையும் ரப்பர் செருப்பும் அணிந்திருந்தார். ஞானையாவைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். கிரீடத்தைத் தொட்டார். பிறகு எபனேசரிடம் ஏதோ கேட்டார்.

"இவரு யாருன்னு கேக்காரு" என்றார் எபனேசர்.

"உங்க ராஜான்னு சொல்லும்" என்றார் சங்கரலிங்கம்.

எபனேசர் சொன்னார். சமையற்காரர் கிரீடத்துப் பிறையை இன்னொருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

"எங்க ஊர்ல இப்படி யாரும் கிடையாதுங்காரு. ஆனா அவுக ஊர் பொம்மலாட்டத்துல ஐரோப்பாக்காரன் ஒருத்தன் வருவானாம். இறுக்கமாக் கால்சட்டை போட்டு, புரியாத பாஷை பேசி, அடிவாங்கிட்டுப் போவானாம். அவனையும் அவுக யாரும் நேர்ல பாத்ததில்லையாம்."

"நாடகத்துல இவருக்கு என்ன ஆவுதுன்னு கேக்காரு" என்றார் எபனேசர் மறுபடி.

"தோத்து ஞானஸ்நானம் வாங்குவேன்" என்றார் ஞானையா.

"வாங்கின பிறகு வீட்டுக்குப் போகலாமாங்காரு."

"போலாம்."

சமையற்காரர் தலையசைத்தார். "அப்படின்னா வாங்கிக்கிடச் சொல்லுங்காரு. அவரு வீட்டுக்குப் போயி ஒம்பது மாசமாச்சாம்."

சங்கரலிங்கம் இதை எழுதி வாங்கச் சொன்னார். சமையற்காரர் தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எபனேசர் அதை மொழிபெயர்த்தார்: 'இவர் துருக்கியர் அல்ல, நல்ல மனிதர்.' ஞானையா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரி மீசை அவருடைய சட்டையில் ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரு வரியால் மூன்று விளைவுகள் ஏற்பட்டன. வெளிநாட்டினர் பிரிவு, இவர் துருக்கியர் இல்லை என்றால் எந்த நாட்டவர் என்று விளக்கம் கேட்டது. போலீஸ், துருக்கியர் அல்லாதவர் துருக்கியராக ஏழு மாதம் நடமாடியதற்கு ஏன் ஆள்மாறாட்ட வழக்குப் போடக் கூடாது என்று கேட்டது. கமிட்டிக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது லசார் மோத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கப்பல்காரன் ராஜாவ ஆக்கல. அவன் எப்படி எறக்குவான்? நாம ஆக்குனோம். தண்ணிதான் எறக்கணும்."

"லசாரு, அடுத்த மாசத்துக்குப் பொறவு கோயில்ல மூணு கல்யாண ஓலை வாசிக்கணும்" என்றார் ஞானையா.

"வாசிப்போம். உமக்காகத்தான் நாங்களும் அல்லாடுதோம். நீரு ராஜா. நாங்க யாரு?"

பதினைந்தாவது, பதினாறாவது, பதினேழாவது மனுக்கள் டிசம்பரில் போயின. கடைசி மனுவில் பெண்ணின் கல்யாணத்தைக் குறிப்பிட்டேன். கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன்.

1977 ஜனவரி 28 வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது.

நான் அதை ஞானையாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நாடகம் நடத்த அனுமதிக்கப்படுகிறது. கீழ்க்கண்டவை நீக்கப்படுகின்றன. ஒன்று, ஆட்சியிலுள்ள மன்னர் தோற்கும் இடம்; ஆட்சி மாற்றம் குறித்த எண்ணத்தை உண்டாக்கும். இரண்டு, வானத்தில் வெளிச்சம் தோன்றும் இடம். பொதுமக்களிடம் எதிர்பார்ப்பைத் தூண்டும். மூன்று, ஞானஸ்நானக் காட்சி. வேற்று நாட்டு மன்னரின் மதத்தில் தலையிடுவதாகும். நாடகம் இரண்டாம் இரவோடு முடிய வேண்டும். முடிவில் மன்னர் நல்லாட்சி புரிவதாகவும், மரக்கன்று நடுவதாகவும் ஒரு காட்சி சேர்ப்பது வரவேற்கப்படும்.

ஞானையா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்பம் நான் தோக்கவே முடியாதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். சங்கரலிங்கம் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள். இந்த வருசம் இந்த வட்டாரத்துல அனுமதி கிடைச்ச ஒரே நாடகம் உங்களுதுதான். எங்கள குறை சொல்றவங்க இதப் பாக்கணும்."

"அந்தத் தண்ணி ஊத்துத இடம் மட்டும், அய்யா. ஆளில்லாம, கதவச் சாத்திட்டு..."

"ஆளில்லாம நடத்துனா அது நாடகம் இல்ல. நாடகம் இல்லைன்னா அது எங்க பிரிவு இல்ல. அன்னியர் ஒருத்தர மதம் மாத்துனதா வேற பிரிவு பாக்கும்." ஞானையாவின் தோளில் கை வைத்தார். "எதுக்கு வருத்தப்படுதீங்க? ஜெயிச்சிட்டீங்கய்யா. எத்தன பேருக்கு இது வாய்க்கும்?"

பிப்ரவரி ஒன்றாம் தேதி கமிட்டி கூடியது. அனுமதி பெற்றுத் தந்த செயலாளருக்கு நன்றி தெரிவித்து முதல் தீர்மானம். ஞானஸ்நானம் நீக்கப்பட்டதால் ராஜா, ராஜாவாகவே நீடிப்பார் என்று இரண்டாவது. கல்யாணத்துக்கு வருகிற பிற சமயத்தாருக்குக் கோயில் வெளியே பூவரச மரத்தடியில் நாற்காலி போடுவது வழக்கம். அதில் ஒன்றை அவருக்கு ஒதுக்குவது என்று மூன்றாவது. கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கல்யாணம் ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை. பிலோமியைத் தாய்மாமன் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வாசற்படியில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஞானையா கைப்பிடி நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை, வேட்டி. நானும் பக்கத்தில் நின்றேன். நான் நிஜமாகவே பிற சமயம். உள்ளே பாட்டு கேட்டது, பிறகு மணி கேட்டது. மணி கேட்டால் முழங்காலிடும் பழக்கத்தில் அவர் கால் தானாக மடங்கப் பார்த்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் நேராக மரத்தடிக்கு வந்து மணலில் முழங்காலிட்டார்கள். தகப்பனார் இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்க வேண்டும். ஞானையா கையைத் தூக்கினார். கட்டைவிரல் பிலோமியின் நெற்றிவரை போய் நின்றது. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நீக்கிய வரிகளை அடித்து, அலுவலகம் முத்திரை போட்டுத் திருப்பிய கூத்து ஏட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லசார் மோத்தாவும் நின்றார். அனுமதி வந்ததிலிருந்து அதை அவர் வீட்டில் வைப்பதில்லை.

துருக்கி ராஜா யாரையும் ஆசீர்வதிக்கிற இடம் கூத்தில் இல்லை. அதட்டல் உண்டு, சாபம் உண்டு. முதல் இரவில் ஓர் இடத்தில் மட்டும், சிறைப்பட்ட இளவரசியின் தோழி அழுவது பொறுக்காமல் அவளைப் போகவிடச் சொல்வார். ஞானையா முங்குவதற்கு முன் இழுப்பதுபோல் மூச்சை இழுத்தார். ஆனால் அதட்டவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கட்டவிழ்த்து விடுங்கள் காவலரே, இந்தப் பெண்
கண்கலங்க வேண்டாம், கப்பலேறிப் போகட்டும்.
போகிற துறையெல்லாம் பொழுது நல்லாகட்டும்."

பிலோமி எழுந்திருக்கவில்லை. லசார் மோத்தா ஏட்டை எடுத்து, விரலை நனைத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

"பதினாலாம் பக்கம். அடிக்கல. சொல்லலாம்" என்றார்.

ஞானையா அதையே இன்னொரு தடவை சொன்னார்.